எந்தச் சட்டத்துல சார்?

தலைமை ஆசிரியர்கள் வக்கீலுக்குப் போன் செய்வது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். பையனை கேட்டுக்கு வெளியே நிறுத்தியாயிற்று, அப்பாவை வரவழைத்து வராந்தாவில் காக்க வைத்தாயிற்று, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கியாயிற்று. அப்புறம் சாயங்காலம் போன் வரும். "சார், டி.சி. குடுத்து அனுப்பிடலாம்ல?"

"எந்தச் சட்டத்துல சார்?" என்று கேட்பேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு வருகிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "மேல இருந்து சொல்லிட்டாங்க."

தென்மாவட்டம் ஒன்றில் வக்கீல் தொழில் செய்கிறேன். எங்கள் வீட்டிலும் உறவிலும் ஆசிரியர்கள் அதிகம். அந்தப் பழக்கத்தில்தான் இந்த போன்கள் வருகின்றன. பீஸ் எல்லாம் கிடையாது. ஆகவே பள்ளிக்கூடத்துக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தலைமை ஆசிரியர்களுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்கிறவர்கள் அவர்களோடு பழகாதவர்கள். ஈட்டிய விடுப்பு, தேர்வுநிலை, தணிக்கைத் தடை என்று எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு சொல்வார்கள். துறைத் தேர்வு எழுதித் தேறியவர்கள். 17(ஆ) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வந்தால் எத்தனை நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும், யாருக்கு நகல் போக வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கள் வேலைக்கு உலை வைக்கக்கூடிய சட்டம் அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஒரு மாணவனின் பேச்சுரிமையில் கை வைத்ததற்காக ஒரு தலைமை ஆசிரியருக்கு மெமோ வந்து நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதே இல்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது கேரள வழக்கு ஒன்றை. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்பார்கள்: பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம், 1986. தேசிய கீத வழக்கு என்றுதான் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அது ஒரு தலைமை ஆசிரியையின் வழக்காகவும் படும்.

மூன்று பிள்ளைகள், ஒரே வீடு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டில் ஜன கண மன பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். வாய் திறந்து பாட மாட்டார்கள். பாட்டின் வரிகளில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பாடுவதே தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்பதுதான் அவர்கள் நிலை. அவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் இப்படித்தான் நின்றார்கள். வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்டுகொண்டார். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவே, பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள், கீதத்துக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று சொன்னதாகத்தான் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. பள்ளித் துணை ஆய்வாளரிடமிருந்து தலைமை ஆசிரியைக்கு அறிவுறுத்தல் வந்தது. ஜூலை 26 முதல் மூன்று பிள்ளைகளும் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள்.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். பிள்ளைகளின் அப்பா கோரிக்கை வைக்கிறார்: அரசு ஒரு முடிவு சொல்லும் வரைக்குமாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள். நியாயமான, சின்ன கோரிக்கை. தலைமை ஆசிரியை, தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டார். தீர்ப்பில் இது ஒரு வரிதான். நீதிபதி அதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அந்த வரியைப் படிக்கும்போது நம்ம ஊர் தலைமை ஆசிரியர் அறை கண் முன்னால் வரும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் கால அட்டவணை, மூலையில் காந்தி படம், எதிரே நாற்காலியில் உட்காரத் தயங்கி நிற்கும் ஓர் அப்பா. "நான் என்ன பண்றது, மேல இருந்து சொல்லிட்டாங்க."

உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் தள்ளுபடி செய்தார், இரு நீதிபதிகள் அமர்வும் தள்ளுபடி செய்தது. தேசிய கீதத்தில் எந்த மதத்தையும் புண்படுத்தும் வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று அமர்வு வரி வரியாகப் பார்த்தது. இல்லை என்று கண்டது. பிள்ளைகளும் இருப்பதாகச் சொல்லவில்லையே! உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி இதை முதலில் சரிசெய்தார், கேள்வியே இது இல்லை என்று. ஒருவரின் நம்பிக்கை நமக்குப் பிடிக்கிறதா, நம் புத்திக்குச் சரியாகப் படுகிறதா என்பதைப் பார்க்கக் கூடாது. அவர் அதை உண்மையாக, மனசாட்சியோடு நம்புகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

பிறகு நான் போனில் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். எந்தச் சட்டத்தில் நீக்கினீர்கள்?

அரசு தரப்பு தேடி எடுத்து வைத்தது இரண்டு சுற்றறிக்கைகள். பொதுக்கல்வி இயக்குநர் 1961-இலும் 1970-இலும் அனுப்பியவை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், அதன் 3-வது பிரிவு, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்பவரையும்தான் தண்டிக்கிறது. பாடாமல் நிற்பவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு கீதத்தை மதிக்கச் சொல்கிறது; எழுந்து நிற்பதே மதிப்புதான். தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மிச்சம் இருப்பது சுற்றறிக்கை. அதற்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. அது துறைக்குள்ளே ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான். பேச்சுரிமைக்கு வரம்பு போட வேண்டுமானால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் வேண்டும், அல்லது அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதி வேண்டும். கடிதம் போதாது.

இந்த வாதத்துக்கு அவர் துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய வழக்குதான் எனக்குப் பிடித்த இடம். கரக் சிங், 1962. கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சி இல்லாமல் விடப்பட்டவர். உத்தரப் பிரதேச போலீஸ் அவர் பேரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்து, ராத்திரி நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டி, இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. எதை வைத்து என்று கேட்டதற்கு, காவல்துறை ஒழுங்குமுறைகள் என்ற புத்தகத்தைக் காட்டினார்கள். அது சட்டம் ஆகாது, துறையின் உள் அறிவுரை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒரு குடிமகனின் உரிமையில் கை வைக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இருபத்து நாலு வருடம் கழித்து, கோட்டயம் பக்கத்து மூன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ரவுடிப் பட்டியலில் இருந்த ஒருவரின் வழக்கு உதவியது. போலீஸ் கையேட்டையும் கல்வித்துறை சுற்றறிக்கையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். வைத்தாயிற்று, 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கவும், இடையூறு இல்லாமல் படிக்க வசதி செய்து கொடுக்கவும் உத்தரவாயிற்று. பேச்சுரிமை, மனசாட்சி உரிமை இரண்டும் மீறப்பட்டன என்பது தீர்ப்பு. பேசும் உரிமைக்குள் வாய் மூடி நிற்கும் உரிமையும் இருக்கிறது என்பது அதிலிருந்து தானாக வருகிறது.

இந்த வழக்குக்கு அமெரிக்காவில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. சின்னப்ப ரெட்டியே அதை எடுத்துப் பேசுகிறார். 1942 ஜனவரியில், இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் எல்லா மாணவர்களும் கொடி வணக்கம் செய்தாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கேயும் மறுத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகள்தான். மறுத்தால் நீக்கம். நீக்கிவிட்டு, பள்ளிக்கு வராமல் ஊர் சுற்றுகிறான் என்று அதே பிள்ளை மேல் குற்றம். பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் கிடைக்கலாம். வெளியே தள்ளுவதும் நீங்கள், ஏன் வெளியே நிற்கிறாய் என்று கேட்பதும் நீங்கள். இதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1940-இல் கோபிடிஸ் வழக்கில், கொடி வணக்கக் கட்டாயம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்த மதப் பிரிவினர் மேல் ஊர் ஊராகக் கும்பல் தாக்குதல் நடந்தது. 1943 ஜூன் 14-ஆம் தேதி, பார்னெட் வழக்கில், அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே புரட்டிப்போட்டது. அன்றைக்கு அங்கே கொடி நாள் என்பது தற்செயலோ என்னவோ.

தீர்ப்பை எழுதிய ராபர்ட் ஜாக்சன் பள்ளி நிர்வாகங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். கல்வி வாரியங்கள் எண்ணிக்கையில் ஏராளம், ஒவ்வொன்றின் எல்லையும் சின்னது. எல்லை சின்னதாக இருக்கும் அதிகாரத்துக்கு அரசியல் சட்டம் என்ற பொறுப்புணர்வு குறைவாக இருக்கலாம். பத்திரிகைகளின் கண்ணும் அங்கே படாது. ஆனாலும் சட்டத்தின் பேரால் செயல்படும் எவரும், கிராமத்துக் குட்டி ராஜாவாக இருந்தாலும், அரசியல் சட்டத்தின் கைக்கு எட்டாதவர் இல்லை என்கிறார். எண்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது. நம்ம ஊர் காலை வழிபாட்டை ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய் எழுதினாரோ என்று தோன்றும்.

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

சென்ற வருடம் வந்த ஒரு போன். பிளஸ் ஒன் பையன் ஒருவன் பள்ளிக் கழிப்பறையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். குழாயில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கீழே, "எங்க ஸ்கூல் பைவ் ஸ்டார் ஹோட்டல்" என்று ஒரு வரி, இரண்டு கும்பிடு எமோஜி. அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர்க் குழுவில் போட, அது சுற்றிச் சுற்றி ஓர் அதிகாரியின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் கத்தினார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. "என்ன நிர்வாகம் பண்றீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை, பையனுக்கு டி.சி. கொடு என்ற உத்தரவாக மொழிபெயர்த்துக்கொண்டவர் நம்ம தலைமை ஆசிரியர்தான். நல்ல மனிதர். தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருபவர்.

"பள்ளியோட நற்பெயரைக் கெடுத்துட்டான் சார்."

"படம் பொய்யா?"

"பொய்யில்ல. மோட்டார் காயில் போயிருச்சு, ரெண்டு மாசமாச்சு, எழுதிப் போட்டிருக்கேன்."

"அப்ப உங்க கடிதத்தத்தானே சார் அவன் படமா போட்டிருக்கான்?"

சிரித்துவிட்டார். பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் சட்டம் தேவைப்பட்டது.

அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. அது குடிமக்கள் எல்லோருக்கும் என்கிறது. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு என்று எங்கேயும் போடவில்லை. ஓட்டுரிமைக்கு வயது உண்டு, பேச்சுரிமைக்குக் கிடையாது. அதை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) பட்டியல் போடுகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, பிற நாடுகளுடனான நட்பு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அவ்வளவுதான். இதில் பள்ளியின் நற்பெயர் இல்லை. மேலதிகாரியின் கோபம் இல்லை. தலைமை ஆசிரியர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் "ஒழுக்கம் இருக்கே சார்" என்று பிடித்துக்கொள்வார்கள். அது ஆபாசம் போன்ற விஷயத்துக்கான ஒழுக்கநெறி. வரிசையில் நிற்கும் ஒழுங்கு இல்லை. பொது நன்மைக்காகச் சொல்லும் உண்மை அவதூறு ஆகாது. தாழ்ப்பாள் இல்லாத கதவு பொய் சொல்லாது.

எல்லாவற்றையும் பொறுத்துப் போக வேண்டும் என்றும் இல்லை. வகுப்பு நடக்கும்போது போனை எடுத்தால் போனை வாங்கி வைக்கலாம். கழிப்பறையில் இன்னொரு பிள்ளையைப் படமெடுத்திருந்தால் கதை தலைகீழ். போலீசுக்கே போக வேண்டிய விஷயம். ஆசிரியையைப் பற்றி அசிங்கமாக எழுதினால் கண்டிக்கலாம், நடவடிக்கை எடுக்கலாம். பள்ளி ஒழுங்காக நடக்கத் தேவையான விதிகளைப் பள்ளி போட்டுக்கொள்ளலாம். ஆனால் விதி முதலில் எழுத்தில் இருக்க வேண்டும், பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும். ஸ்டேட்டஸ் போட்ட பிறகு விதியை யோசிப்பது நிர்வாகம் ஆகாது.

இந்த இடத்தில் இன்னொரு அமெரிக்க வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1965 டிசம்பரில் டெ மோய்ன் நகரத்தில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பள்ளி முதல்வர்கள் எல்லாம் கூடி, பட்டை கட்டி வந்தால் இடைநீக்கம் என்று அவசரமாக ஒரு விதி போட்டார்கள். பட்டை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் விதி வந்துவிட்டது. பதின்மூன்று வயதுச் சிறுமி உட்படச் சிலர் கட்டி வந்தார்கள், இடைநீக்கம் ஆனார்கள். 1969-இல் டிங்கர் வழக்கில் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு: மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் உரிமைகளைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை, கலவரம் வந்துவிடுமோ என்ற பொத்தாம்பொதுவான பயம் மட்டும் தடை விதிக்கப் போதாது, பாடம் நடப்பதை உண்மையிலேயே கணிசமாகக் குலைக்கும் என்று காட்ட வேண்டும். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பயம் வேறு காரணம் வேறு என்று அது பிரித்துக் காட்டுவதற்காக அதைத் தலைமை ஆசிரியர்களிடம் சொல்வேன். பள்ளி நிர்வாகத்தில் நான் பார்க்கும் சட்டமீறல்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது பயம்தான், திமிர் குறைவு.

பையனுக்கு டி.சி. போகவில்லை. அவன் பிளஸ் ஒன் என்பதால் இவ்வளவு பேச வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புக்குள் இருந்திருந்தால் ஒரே வரி போதும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழி விட்டார்கள்; வெளியேற்றக் கூடாது என்பதை மட்டும் தொடவில்லை. அடுத்த பிரிவான 17, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வழிபாட்டு மேடையில் ஏற்றி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கடிதத்தைப் படிக்க வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறதா? கோட்டயத்து மூன்று பிள்ளைகளில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் யாராயிருந்தாலும், இன்று தேசிய கீதம் வரை போகாமலே வாசலிலேயே வழக்கு முடிந்திருக்கும்.

கல்லூரி விடுதி விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை போனைத் தொடக் கூடாது என்று விதி. ஏற்க மறுத்த மாணவியை வெளியே அனுப்பினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை எட்டும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. விடுதிக் காப்பாளர்கள் தயவுசெய்து படிக்கவும். ஆண்கள் விடுதியில் அந்த விதி உண்டா என்று யாராவது கேட்டால் பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளவும்.

தமிழ்நாட்டில் இந்தச் சுற்றறிக்கை விஷயம் நமக்கு நெருக்கமான ஒரு பாட்டில் வந்து மாட்டியது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தமிழ்த்தாய் வாழ்த்து இசைக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமோ அரசாணையோ இல்லை என்று சொன்னார். அதே மாதத்திலேயே அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அரசாணை வெளியிட்டது. நான் எழுந்து நிற்பவன். அந்தப் பாட்டு வந்தால் உட்கார்ந்திருக்க என் காலே ஒப்புக்கொள்ளாது. ஆனால் வக்கீலாகக் கேட்டால், ஒரு மாணவன் மனசாட்சிக் காரணம் சொல்லி ஒதுங்கி நின்றால் இந்த அரசாணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவனை நீக்க முடியாது என்பேன். நிர்வாக ஆணைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம், பாட்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறாது. இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர் இரண்டு மாதம் பேசவில்லை.

கர்நாடகத்து ஹிஜாப் வழக்கில் எனக்கு வேறொரு விஷயம் உறுத்தியது. வழக்கின் சூட்டில் அதை அதிகம் பேர் பேசவில்லை. 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி அரசாணை, அரசு பியூ (நம்ம ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ) கல்லூரிகளில் சீருடையை முடிவு செய்யும் வேலையைக் கல்லூரி வளர்ச்சிக் குழுவிடம் விட்டது. அரசாணையாவது 1983-ஆம் ஆண்டின் கர்நாடகக் கல்விச் சட்டத்தின் 133-வது பிரிவைக் காட்டியது. அந்தக் குழு எங்கிருந்து வந்தது? 2014-இல் போட்ட ஒரு சுற்றறிக்கையிலிருந்து. குழுவுக்குத் தலைவர் யார்? அந்தத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர். கோட்டயத்துப் பிள்ளைகள் வழக்கில் சட்டமன்ற உறுப்பினர் சட்டமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்டாவது ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இங்கே அந்த அலைச்சல்கூட இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் மார்ச் 15-இல் அரசாணை செல்லும் என்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பெரிய அமர்வுக்குப் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பக்கம் நின்ற நீதிபதி சுதான்ஷு துலியா, பிஜோ இம்மானுவேல் தீர்ப்பைத்தான் பற்றுக்கோடாகக் கொண்டார். பள்ளி வாசலில் ஒரு பெண்ணிடம் ஹிஜாபைக் கழற்று என்பது அவளுடைய அந்தரங்கத்தின் மேலும் கண்ணியத்தின் மேலும் கை வைப்பது என்று எழுதினார். எனக்கு அந்தத் தரப்பு சரியாகப் படுகிறது. மாறாக நினைப்பவர்கள்கூட அந்தக் குழுவின் பிறப்பை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

தனியார் பள்ளியில் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அடிப்படை உரிமைகள் அரசுக்கு எதிரானவை, நாங்கள் அரசு இல்லை என்று தாளாளர்கள் நன்றாகவே பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, 19 மற்றும் 21-ஆம் பிரிவு உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று சொல்லியிருக்கிறது. அதை வைத்து ஒரு மெட்ரிக் பள்ளி மேல் ரிட் போட்டு ஜெயிப்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது வேறு கதை. அதுவரை கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16, 17 பிரிவுகளே கைக்கு எட்டும் ஆயுதம்.

சமீபத்தில் தலைமை ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். நான் சொன்ன ஒரே யோசனை: மேலிடத்திலிருந்து வாய்மொழியாக, வாய்ஸ் நோட்டாக ஒரு பிள்ளையைப் பற்றி உத்தரவு வந்தால், "ஐயா, செயல்முறைகளாக, ந.க. எண் போட்டுக் கொடுங்கள், உடனே செய்கிறேன்" என்று, அதாவது கோப்பு எண்ணோடு எழுத்தில் தரச் சொல்லி, பணிவாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி உத்தரவுகள் அந்த இடத்திலேயே செத்துவிடும். எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத ஆரம்பித்தாலே அதிகாரியின் பேனா நின்றுவிடும். மீதிக் கால்வாசி எழுத்தில் வந்தால், வழக்கு உங்கள் தலையில் விழாமல் எழுதியவர் தலையில் விழும்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எழுத்துல கேட்டா அடுத்த வாரம் என்னை அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போட்ருவாங்களே தம்பி. பையனுக்கு 19 இருக்குன்னு சொல்றீங்க. எனக்கு?"

உங்களுக்கும் உண்டு, அரசு வேலைக்கு வந்ததால் பேச்சுரிமை போய்விடாது, பீகார் அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டமே செய்யக் கூடாது என்ற நடத்தை விதியை 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது என்றேன். கை தட்டினார்கள். அந்த அம்மா தட்டவில்லை.

"அது சரி. டிரான்ஸ்பரை கோர்ட்ல நிறுத்த முடியுமா?"

இடமாறுதல் பணியின் ஒரு பகுதி, தீய நோக்கம் என்று நிரூபித்தால் ஒழிய நீதிமன்றங்கள் லேசில் தலையிடாது என்ற உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. உள்நோக்கத்தை எப்படி நிரூபிப்பது என்று பக்கத்து வரிசையிலிருந்து இன்னொருவர் கேட்டார். வாய்ஸ் நோட்டை அழிக்காமல் வைத்திருங்கள் என்றேன். பாதிப் பேர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த அமர்வு எமிஸ் (கல்வித்துறையின் மாணவர் விவர இணையதளம்) பதிவேற்றம் பற்றியது, ஏற்கெனவே தாமதம் என்று ஒருங்கிணைப்பாளர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.